கொதிக்கும் நீரில் உப்பா, எண்ணெயா?

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு வழக்கு எழுந்தது. வாதி என் மனைவி. பிரதிவாதி என் மருமகள். வழக்குக்குரிய பொருள், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த ஒரு பாத்திரம் தண்ணீர்.

பேரனுக்காக அதில் பாஸ்தா வேக வேண்டும். மருமகள் ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டாள். என் மனைவி பதறிப்போய், "ஐயோ, இவ்வளவு உப்பா? ஒரு கரண்டி எண்ணெய் விட்டாப் போதுமே, ஒட்டாம வருமே!" என்றாள். "எண்ணெய் விட்டா சாஸ் ஒட்டாது அத்தை" என்று மருமகள் மெதுவாகச் சொன்னாள். இருவரும் மரியாதை தெரிந்தவர்கள். குரல் உயரவில்லை. ஆனால் சாப்பிடும் நேரத்தில் என் மனைவி பாஸ்தாவைத் தொடவில்லை. ஒரு கிண்ணத்தில் தயிர் சாதம் பிசைந்துகொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிட்டாள்.

அன்று மட்டுமல்ல, பல ஞாயிற்றுக்கிழமைகளாக இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. சீஸ் வாசனை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு வயதுப் பேரன்தான் உண்மையைச் சொன்னான். "பாட்டிக்கு சீஸ் பிடிக்காம இல்ல தாத்தா. பி.பி. இருக்குல்ல, அந்த உப்பைப் பார்த்துப் பயப்படறாங்க. நீங்கதான் இன்ஜினியராச்சே, யார் சொல்றது சரின்னு சொல்லுங்க."

ரயில்வேயில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கொதிக்கும் நீரைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ற தெம்பில் தீர்ப்பு சொல்ல ஒப்புக்கொண்டேன். விசாரணையில் நான் தெரிந்துகொண்டது மற்ற வீடுகளுக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

உப்பு போட்டால் நீர் சூடேறுமா?

முதலில் பரவலாக நிலவும் ஒரு நம்பிக்கையைப் பார்ப்போம். உப்பு போட்ட தண்ணீர் அதிகச் சூட்டில் கொதிக்கும், அதனால் பண்டம் சீக்கிரம் வேகும் என்பார்கள். இது பாதி உண்மை. உப்பு கரைந்தால் நீரின் கொதிநிலை உயரும் என்பது சரிதான். ஆனால் எவ்வளவு உயரும்? ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் உப்பு கரைத்தால் கொதிநிலை ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்குதான் ஏறும். முழுதாக ஒரு டிகிரி ஏற வேண்டுமானால் லிட்டருக்கு ஏறக்குறைய 57 கிராம் உப்பு வேண்டும். கடல் நீரில்கூட அவ்வளவு உப்பு கிடையாது. அதில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். அப்படிப்பட்ட தண்ணீரில் வெந்ததை யார் சாப்பிடுவது?

ஊரின் உயரம் செய்யும் மாற்றம் இதைவிடப் பெரிது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், சுமார் 215 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் தில்லியில் 99 டிகிரியைச் சற்றே தாண்டியதும் கொதித்துவிடும். 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் 93 டிகிரிக்குள்ளேயே கொதிக்கும். ஊட்டியில் பருப்பு வேக நேரமாவது இதனால்தான். ஒரு கைப்பிடி உப்பால் இந்த ஆறேழு டிகிரியை ஈடுகட்ட முடியாது.

நீரை உண்மையாகவே சூடேற்ற வேண்டுமானால் வழி அழுத்தம்தான். வீட்டுக் குக்கரில் வெயிட் தூக்கும் நேரத்தில் உள்ளே ஏறத்தாழ 120 டிகிரி இருக்கும். சித்தரஞ்சனில் கட்டப்பட்ட டபிள்யூ.ஜி. வகை நீராவி எஞ்சினின் பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. அதற்குள் நீர் கொதிப்பது ஏறக்குறைய 200 டிகிரியில்.

"உப்பு போட்டதும் தண்ணி குபுகுபுன்னு பொங்குதே, அது ஏன்?" என்று மனைவி கேட்டாள். நல்ல கேள்வி. கொதிக்கும் தறுவாயில் இருக்கும் நீரில் எந்தத் தூளைப் போட்டாலும், அந்தத் துகள்களைப் பற்றிக்கொண்டு ஆவிக் குமிழ்கள் சட்டென்று கிளம்பும். அது ஒரு நொடிக் கூத்து. சூடு கூடியதற்கு அடையாளம் அல்ல.

ஆகவே பாஸ்தா நீரில் உப்பு போடுவது சூட்டுக்காக அல்ல, ருசிக்காக மட்டுமே. காய்ந்த பாஸ்தாவில் பொதுவாக உப்பு இருப்பதில்லை. வேகும்போது அது நீரை உறிஞ்சுகிறது. நீரோடு உப்பும் உள்ளே போகிறது. வெந்த பிறகு மேலே தூவினால் உப்பு வெளியிலேயே நின்றுவிடும். கடித்தால் உள்ளே சப்பென்று இருக்கும்.

எண்ணெய் எங்கிருந்து வந்தது?

இனி என் மனைவியின் எண்ணெய்க்கு வருவோம். இந்தப் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். அவளைக் கேட்டால், "எங்கம்மா பருப்பு வேகவைக்கறப்போ ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விடுவா" என்றாள். நம் ஊர்ப் பக்கம் துவரம் பருப்பு வேகவைக்கும் வீடுகளில் மஞ்சள் தூளும் ஒரு சொட்டு எண்ணெயும் சேர்ப்பது இன்றும் உள்ள வழக்கம்.

அதற்குத் தக்க காரணம் இருக்கிறது. பருப்பு வேகும்போது அதிலுள்ள புரதமும் பிற பொருள்களும் கரைந்து வந்து, குமிழ்களின் மேல் ஒரு மெல்லிய தோலாகப் படிகின்றன. குமிழ் உடையாமல் நுரையாக எழும்பிப் பொங்கி வழிகிறது. குக்கரானால் ஆவி போகும் துளையை அடைத்துக்கொள்ளவும் கூடும். எண்ணெய் நீரைவிட லேசானது. கரையாமல் மேலே மிதக்கும். அது நுரையின் தோலில் பரவி அதைக் கிழித்துவிடுகிறது. நுரை அடங்குகிறது.

இதைக் கேட்டதும் எனக்கு என் பழைய ஷெட் ஞாபகம் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் டிப்ளமோ முடித்து நான் வேலைக்குச் சேர்ந்தபோது நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அகலப் பாதையில் அவை 1995-இல்தான் ஓய்வு பெற்றன. பாய்லரில் நீர் ஆவியாகிப் போகும். அதிலிருந்த உப்புகளும் அழுக்கும் பின்தங்கிவிடும். மேலும் மேலும் நீர் ஏற்ற ஏற்ற அவை சேர்ந்துகொண்டே வரும். ஓர் அளவைத் தாண்டினால் பாய்லருக்குள் நுரை கட்டும். நுரையும் நீரும் ஆவியோடு சேர்ந்து சிலிண்டருக்குப் போய்விடும். ஆவியை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. பிஸ்டன் வந்து மோதினால் சிலிண்டர் மூடியே உடையும். அதனால்தான் பாய்லரின் அடியிலிருந்து அவ்வப்போது கொஞ்சம் நீரைத் திறந்து வெளியேற்றுவோம். நுரையடக்கும் மருந்தும் கலப்பதுண்டு. புதிய இரசாயனங்கள் வருவதற்கு முன் பாய்லர்களில் அந்த வேலையைச் செய்தது எது தெரியுமா? ஆமணக்கு எண்ணெய்! நம் பாட்டிமார் பருப்பில் விட்ட அதே விளக்கெண்ணெய். (அந்த எஞ்சின்களைப் பார்க்காத பிள்ளைகளைச் சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.)

ஆக, எண்ணெய் நுரையை அடக்கும் என்பதில் சந்தேகமில்லை. பாஸ்தா பாத்திரத்திலும் மாவுச்சத்து கரைந்து நுரை எழும்பும். ஒரு கரண்டி எண்ணெய் அதை அடக்கும். ஆனால் அதற்குப் பெரிய பாத்திரமும் குறைந்த தீயுமே போதும். மனைவி எண்ணெய் விட்டது நுரைக்காக அல்லவே! ஒட்டாமல் இருப்பதற்காக அல்லவா? அதைத்தான் சோதிக்க வேண்டியிருந்தது.

ஒட்டுவது ஏன்?

வேட்டிக்குக் கஞ்சி போடும் வழக்கம் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாவுச்சத்து வெந்நீர் பட்டதும் உப்பிப் பசையாகிறது. பாஸ்தாவைக் கொதிநீரில் போட்ட முதல் ஒன்றிரண்டு நிமிடங்களில் அதன் மேற்பரப்பிலுள்ள மாவுச்சத்து இப்படிப் பசையாகும். அந்த நேரத்தில் இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தால் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் பசை நீரில் கரைந்து போய்விடும். ஒட்டும் அபாயமும் குறைந்துவிடும்.

இப்போது எண்ணெய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேலே மிதக்கிறது. பாஸ்தா எங்கே இருக்கிறது? அடியில் கிடக்கிறது. இரண்டும் சந்திப்பதே அபூர்வம்.

ஆனாலும் வாய்ப்பேச்சு வேண்டாம் என்று சோதனை செய்தோம். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்று. ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு, ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் தண்ணீர், 100 கிராம் பாஸ்தா. நேரம் பார்ப்பது பேரன். எடை போடுவது நான்.

முதல் சுற்று: உப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை, கிளறவும் இல்லை. அடியில் ஒரு கட்டி சேர்ந்தது. இரண்டாவது: ஒரு கரண்டி எண்ணெய், கிளறவில்லை. அதே கட்டி! மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்துகொண்டு வேடிக்கை பார்த்தது. மூன்றாவது: எண்ணெய் இல்லை, ஆனால் முதல் இரண்டு நிமிடமும் கரண்டியால் கிளறினோம். ஒரு துண்டுகூட ஒட்டவில்லை. நான்காவது: எண்ணெயும் விட்டோம், கிளறியும் விட்டோம். மூன்றாவதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஐந்தாவது சுற்றில் 10 கிராம் உப்பு மட்டும் போட்டுக் கிளறினோம்.

பேரனின் கண்ணை என் துண்டால் கட்டிவிட்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தோம். உப்பு போட்டதை உடனே கண்டுபிடித்தான். எண்ணெய் விட்டதையும் விடாததையும் வெறுமனே தின்றபோது அவனால் பிரிக்க முடியவில்லை. தக்காளி சாஸ் சேர்த்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. வடிக்கும்போது மேலே மிதந்த எண்ணெய் பாஸ்தாவின் மேல் பூசிக்கொண்டுவிட்டது. எண்ணெய் விட்ட தட்டில் சாஸ் வழுக்கி அடியில் தேங்கியது. மருமகள் சொன்னது சரிதான்.

இத்தனை பாஸ்தாவையும் வீணாக்கவில்லை. இரண்டு நாள் நாங்களேதான் தின்று தீர்த்தோம். கொஞ்ச நாளைக்கு அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

ஒட்டுவதில் மாவுக்கும் பங்கு உண்டு. நல்ல பாஸ்தா துரம் என்னும் கடினக் கோதுமையின் ரவையால் ஆனது. அதன் புரதம் வலைபோல மாவுச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மைதாவில் செய்தது எளிதில் குழையும், பசையும் அதிகம். நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தின் மாளவப் பகுதி துரம் கோதுமைக்குப் பேர்போனது. நம் தில்லிப் பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் இந்தூர்க் கிளை உருவாக்கிய பூசா மங்கல், பூசா தேஜஸ் ஆகியவை துரம் ரகங்களே. கடையில் வாங்கும்போது பொட்டலத்தின் பின்புறம் என்ன மாவு என்று ஒரு பார்வை பாருங்கள்.

அப்படியானால் சேமியா?

"அப்போ நான் சேமியாவுக்கு எண்ணெய் விடறதும் தப்பா?" என்று மனைவி கேட்டாள். தப்பே இல்லை. சேமியா உப்புமாவுக்கு நாம் முதலில் சேமியாவை நெய்யிலோ எண்ணெயிலோ வறுக்கிறோம். அங்கே எண்ணெய் நீரில் மிதக்கவில்லை. ஒவ்வோர் இழையின் மேலும் நேராகப் பூசிக்கொள்கிறது. அதனால் உதிரி உதிரியாக வருகிறது. இடியாப்ப மாவில் எண்ணெய் விட்டுப் பிசைந்தால் மாவோடு கலந்து, அச்சிலும் கையிலும் ஒட்டாமல் காக்கிறது. இவையெல்லாம் சரியான இடங்கள்.

பாஸ்தாவிலும் எண்ணெய்க்கு ஓர் இடம் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு டப்பாவில் கட்டிக் கொடுப்பதானால், வடித்த பிறகு ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிரட்டி வையுங்கள். மதியம் வரை கட்டி தட்டாது.

உப்புக் கணக்கு

வழக்கின் முக்கியமான பகுதி இதுதான். மருமகள் போடும் கைப்பிடியை எடை போட்டேன். 30 கிராம். அது மூன்று லிட்டர் தண்ணீருக்கு. அதாவது லிட்டருக்கு 10 கிராம்; இத்தாலியர்கள் சொல்லும் அளவும் ஏறத்தாழ இதுவே. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். 30 கிராமைப் பார்த்து என் மனைவி மிரண்டதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த உப்பு முழுவதும் வயிற்றுக்குப் போவதில்லை. பாஸ்தா நீரை நாம் வடித்துக் கொட்டிவிடுகிறோம். எங்கள் சோதனையில் 100 கிராம் பாஸ்தா வெந்து வடித்த பின் 228 கிராம் இருந்தது. ஆக உறிஞ்சிய நீர் 128 கிராம். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு உப்பு என்றால் சுமார் 1.3 கிராம். ஒரு தட்டுக்கு அவ்வளவுதான். மீதியெல்லாம் தொட்டியோடு போய்விட்டது. லிட்டருக்கு 5 கிராமாகக் குறைத்தால் தட்டுக்கு 0.65 கிராம் வரும்.

அதன்பின் என் மனைவி செய்யும் சேமியா உப்புமாவுக்கு எவ்வளவு உப்பு போடுகிறாள் என்று அவளுக்குத் தெரியாமல் எடை போட்டேன். நான்கு பேருக்கு 8 கிராம். உப்புமாவில் நாம் எதையும் வடிப்பதில்லை. போட்ட உப்பு அத்தனையும் உள்ளேயே இருக்கும். தட்டுக்கு 2 கிராம்! கைப்பிடி உப்பைக் கண்டு பயந்தவள், அதைவிட அதிக உப்பை வாரம் மூன்று நாள் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இதை அவளிடம் சொன்னபோது சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ உப்புமாவில குறைக்கறேன்" என்றாள். இந்த விசாரணையில் கிடைத்த பெரிய பலன் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சீஸ், தக்காளி சாஸ், பொட்டலத்தோடு வரும் மசாலாத்தூள் இவற்றில் உப்பு உண்டு. அவற்றை வடிக்க முடியாது. தண்ணீரில் பாதி உப்பு, சாஸில் தனி உப்பு வேண்டாம், சீஸ் கொஞ்சமாக என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. இரத்தக் கொதிப்பும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் அவரவர் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும். என் கணக்கு அதற்கு மாற்று அல்ல.

தில்லித் தண்ணீர்

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நகரில் சில பகுதிகளுக்கு யமுனை, கங்கை நீர் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. சில பகுதிகள் ஆழ்துளைக் கிணற்றையும் டாங்கரையும் நம்பியிருக்கின்றன. நிலத்தடி நீர் பல இடங்களில் கடின நீர்; பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். பாய்லர் குழாய்களில் அந்தப் படிவு சேராமல் இருக்க நாங்கள் சோடா உப்பு கலந்து போராடியது ஒரு தனிக் கதை. இத்தகைய நீர் பெரும்பாலும் சற்றுக் காரத்தன்மை உடையது. அதில் பாஸ்தாவின் மாவுச்சத்து அதிகமாகக் கரையும், பிசுபிசுப்பும் கூடும். லிட்டருக்குச் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சரியாகும். பருப்புக்கு மட்டும் இந்த வைத்தியம் கூடாது. புளிப்பு பருப்பை வேகவிடாது. குழம்பில் பருப்பு வெந்த பிறகு புளி சேர்ப்பதை நம் வீட்டுப் பெண்கள் எந்தப் பாடப் புத்தகமும் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

தீர்ப்பு

100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் நீர் வையுங்கள். நன்றாகக் கொதித்த பிறகே உப்பு போட்டுக் கலக்குங்கள். குளிர்ந்த நீரில் போட்டால் கல் கரையாமல் அடியில் தங்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் நாளடைவில் சிறு சிறு குழிகள் விழும். எண்ணெய் வேண்டாம். பாஸ்தாவைப் போட்டதும் இரண்டு நிமிடம் அடுப்பை விட்டு நகராமல் கிளறுங்கள். பொங்கினால் தீயைக் குறையுங்கள். வடிப்பதற்கு முன் அரைக் கிண்ணம் நீரை எடுத்து வையுங்கள். அது நம் சோற்றுக் கஞ்சியைப் போலத்தான். சாஸில் சேர்த்தால் கெட்டியாகிப் பாஸ்தாவோடு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதிலும் உப்பு இருக்கிறது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். சூடாகச் சாப்பிடுவதானால் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டாம்.

வழக்கில் வென்றது யார் என்று பேரன் கேட்டான். மருமகள் சொன்னது பாஸ்தாவுக்குச் சரி. மாமியார் சொன்னது பருப்புக்குச் சரி. பருப்புச் சட்டிக்கு ஏற்ற பழக்கம் ஊர்விட்டு ஊர் வந்து வேறு சட்டிக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். அம்மா செய்ததைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யவும் வேண்டாம்; மூடநம்பிக்கை என்று தூக்கி எறியவும் வேண்டாம். அவர்கள் அதை எந்தச் சட்டியில், எதற்காகச் செய்தார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தால் போதும்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை உப்பை அளந்து போடுவது என் மனைவி, கிளறுவது மருமகள். மேசையில் ஐந்து தட்டு வைக்கிறோம்.